சும்மா கொடுத்த நாய்

லோகநாதனுக்கு முதலில் சந்தேகம் வந்தது நாயின் மேல்தான்.

காலையில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் பெப்சி குரைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடும். பாதி தூரம் போனதும் வலது பின்னங்காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு மூன்று காலில் தத்தும். கொஞ்ச தூரம் தத்திவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அந்தக் காலை ஊன்றி ஓடிப்போய்க் கேட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்துக்கொள்ளும். கத்தல் இல்லை, முனகல் இல்லை. வலிக்கிற கால் எங்கேயாவது நினைத்தபோது வலித்து நினைத்தபோது சரியாகுமா?

"டபாய்க்குது" என்றார் மனைவி சுசீலாவிடம். "நாம பாக்குறோம்னு தெரிஞ்சா காலைத் தூக்குது. கொஞ்சறதுக்கு நீ கீறல்ல."

சுசீலா அடுப்படியில் தாளிக்க ஆரம்பித்தாள்.

லோகநாதன் போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஆவடி, பூந்தமல்லி, பாடி வழியாகப் போகிற பஸ்களில் திடீரென்று ஏறி டிக்கெட் கேட்பவர். டிக்கெட்டைக் கேட்பதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பார். வித்அவுட்டில் வருகிறவன் செக்கரைக் கண்டதும் தூங்கிப்போவதையும், காது கேட்காதவன் ஆவதையும், கால் விளங்காதவனாகிப் பக்கத்து ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவதையும் பார்த்துப் பார்த்து, உலகமே அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. தன்னை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை என்பது அவருடைய நினைப்பு. பிள்ளைகள் இல்லை. அண்ணனூரில் மொசைக் தரை போட்ட இரண்டு அறை வீடு. அதில் அவர், சுசீலா, மூன்று வருஷமாக இந்த வெள்ளைப் பொமரேனியன். அது வீட்டுக்கு வந்த சமயம் கடைகளுக்குப் புதிதாக வந்திருந்த குளிர்பானத்தின் பெயரைச் சுசீலாதான் வைத்தாள்.

நாயைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

வார விடுமுறையன்று சுசீலா ஆவடி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். லோகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, "வர்ட்டா பெப்சி" என்று சொல்லிவிட்டு, சத்தம் கேட்கிற மாதிரி பூட்டுப் போட்டார். செருப்பைத் தேய்த்து நடந்து கேட்டைத் திறந்து மூடினார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், வாசல் கதவு வரை தெரிகிற படுக்கையறை ஜன்னலின் ஓரமாக நின்றுகொண்டார்.

பெப்சி கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றது. ஆள் போய்விட்டது என்று உறுதியானதும் திரும்பியது. வலது காலைக் கீழே வைக்கவே இல்லை. மூன்று காலில் நொண்டிக்கொண்டே அறை முழுக்கச் சுற்றி வந்தது. ஒரு இடத்தில் நின்று, அந்தக் காலைப் பின்பக்கமாக நீட்டி உதறியது. தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போன ஒரு சத்தம் வந்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் படுத்து முழங்காலை நக்க ஆரம்பித்தது. நக்கிக்கொண்டே இருந்தது.

லோகநாதன் முன்பக்கம் வந்து பூட்டை ஆட்டினார். நாலு காலில், வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

ஆள் பார்க்கும்போது நொண்டுகிறவர்களை அவருக்குத் தெரியும். இது தலைகீழாக இருந்தது. வலியை மறைக்கிற பயணியை அவர் எந்த பஸ்ஸிலும் பார்த்ததில்லை.

யாரோ அடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்து வீட்டு நாகப்பனுக்குத் தன் செடிகள் மேல் அக்கறை அதிகம். அங்கே கல் எப்போதும் தயாராக இருக்கும். சுசீலா வந்ததும் கேட்டார்.

"யாரும் அடிக்கல" என்றாள் சுசீலா, பையிலிருந்து கத்திரிக்காயை எடுத்து வைத்தபடியே. "அது குட்டியிலேர்ந்தே துள்ளித் துள்ளித்தான் நடக்கும்."

"டாக்டராண்ட காட்டலாம்."

"எதுக்கு? தானா சரியாயிடும்."

அந்தப் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது. அடுத்த வாரம் டாக்டரிடம் கிளம்புகிறபோது சுசீலா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

நாயை ஒயர் கூடையில் உட்கார வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, எலெக்ட்ரிக் ட்ரெயினில் அம்பத்தூருக்குக் கொண்டுபோனார். ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கார் நிறுத்துகிற ஷெட்டை மாற்றிக் கட்டிய இடத்தில் டாக்டர் ஜெயகுமாரி கிளினிக் வைத்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. லோகநாதனுக்கு அதுவே பிடிக்கவில்லை.

கீழே விட்டதும் பெப்சி நாலு காலிலும் அழகாக நடந்து காட்டியது. ஜெயகுமாரி சிரித்துக்கொண்டே அதை மேஜைமேல் தூக்கி வைத்து, வலது முழங்காலைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாள். டக் என்று ஏதோ நழுவியது. நாய் வீலென்று கத்தியது.

"நல்லா இருந்த காலை இப்ப இன்னா பண்ணீங்க?" என்றார் லோகநாதன்.

அவள் கோபப்படவில்லை. நழுவியதை உள்ளே தள்ளிவிட்டு, அவருடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "நீங்களே தொட்டுப் பாருங்க சார்." புளியங்கொட்டை அளவில் ஒன்று தோலுக்கு அடியில் அசைந்தது. அவர் விரலை இழுத்துக்கொண்டார்.

"முழங்கால் சில்லு" என்றாள். "அது உக்கார்றதுக்கு எலும்புல ஒரு பள்ளம் இருக்கணும். இதுக்கு அந்தப் பள்ளமே சரியா இல்ல. அதான் சில்லு பக்கவாட்டுல நழுவிடுது. காலை உதறினா திரும்ப உள்ள வந்துடும், உடனே நடக்கும். யாரும் அடிச்சதால வர்றதில்ல. பிறவியிலேயே இப்படி. சின்ன ஜாதி நாய்ங்களுக்கு நிறைய வரும். இடது கால்லயும் கொஞ்சம் இருக்கு. ஆனா வலதுகால் மோசம். விட்டா எலும்பு தேஞ்சு, கொஞ்ச வருஷத்துல காலையே ஊன்றாது."

"மாத்திரை?"

"மாத்திரை வலியைக் குறைக்கும். சில்லைப் பிடிச்சு வைக்காது. ஆபரேஷன் பண்ணலாம். பள்ளத்தை ஆழமாக்கிச் சில்லை அதுல உக்கார வைக்கணும்."

"நீங்க எத்தினி பண்ணியிருக்கீங்க?"

"ரெண்டு."

"ரெண்டும் நல்லா ஆச்சா?"

"ஒண்ணு நல்லா ஆச்சு" என்றாள் ஜெயகுமாரி. "இன்னொண்ணு கால் இறுகிப்போச்சு. அப்ப நான் தனியாப் பண்ணேன். இந்தத் தடவை எனக்குச் சொல்லிக்கொடுத்த ப்ரொஃபசர் வந்து கூட நிப்பார்."

லோகநாதன் அவள் முகத்தையே பார்த்தார். தப்பைத் தானாக ஒத்துக்கொள்கிறவனிடம் அவருக்கு எப்போதுமே கூடுதல் எச்சரிக்கை உண்டு. ஒரு ஸ்டேஜ் தாண்டி வந்துவிட்டேன் சார் என்று முந்திக்கொண்டு சொல்பவன், பெரும்பாலும் நாலு ஸ்டேஜ் தாண்டி வந்திருப்பான். ஒருவர் செய்கிற வேலைக்கு இரண்டு பேர் எதற்கு? இவள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள், என் நாய்தான் கரும்பலகை.

"அந்த ரெண்டு நாயையும் நான் பாக்கணும்."

அவள் யோசிக்காமல் இரண்டு விலாசத்தையும் சொன்னாள். "வானகரத்து அம்மா என்னைப் பத்தி நல்லபடியா சொல்லமாட்டாங்க. ஆனா போய்ப் பாருங்க."

நன்றாக ஆன நாயைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? கெட்டுப்போனதைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். லோகநாதன் அடுத்த விடுமுறையில் நேராக வானகரத்துக்குப் போனார். சொல்லிவிட்டுப் போனால் சொல்லிக்கொடுத்து வைப்பார்கள் என்று, எந்த நாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பூந்தமல்லி ரோட்டிலிருந்து உள்ளே போனால் அங்கே அப்போதுதான் பிளாட் போட்டிருந்தார்கள். வயலுக்கு நடுவில் எல்லைக் கற்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூசாத வீடுகள். ஞானகுமாரி என்கிற அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கழுத்தில் டேப்பு தொங்க வந்து, இரும்புக் கதவைத் திறக்காமல் கம்பிக்குப் பின்னால் நின்றாள்.

"நாயைப் பாக்கணுமா? எதுக்கு?"

லோகநாதன் காரணத்தைச் சொன்னார்.

"டாக்டரம்மா அனுப்பிச்சாங்களா?"

"விலாசம் மட்டும் குடுத்தாங்க. நானாத்தான் வந்தேன்."

"நான் எங்கயாவது புகார் எழுதறேனான்னு பாத்துகினு வரச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. அவங்க மேலயே எனக்குச் சந்தேகம் கீது. அதுக்குத்தான் வந்தேன்."

அதைக் கேட்டதும் கதவு திறந்தது.

உள்ளிருந்து பழுப்பு நிறத்தில், கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு நாய் வந்தது. பெயர் சாம்சன். இடது பின்னங்கால் மடங்கவில்லை. குச்சியை வீசுகிற மாதிரி அதை வட்டமாக வீசி வீசி நடந்து வந்து லோகநாதனின் வேட்டியை முகர்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். தழும்பு மெல்லிய கோடாக இருந்தது. தொட்டார். கத்தவில்லை.

"ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் ஜோரா நடந்துச்சு" என்றாள் ஞானகுமாரி. "அப்பாலதான் இறுக ஆரம்பிச்சுது. இதுல இன்னொரு விஷயம் கேளுங்க. அந்த டாக்டரம்மா மாசம் ஒருதரம் வந்து பாத்துட்டுப் போவுது. யாரும் கூப்புடல. வந்து காலைப் புடிச்சிப் பாக்கும், வீட்டைச் சுத்தி நடக்க வுட்டுப் பாக்கும், போயிடும். எதுக்கு வருது? மடியில கனம் இல்லாமயா வருது?"

"அதானே" என்றார் லோகநாதன். இவ்வளவு தெளிவாக யோசிக்கிற ஒருவரை அவர் சமீபத்தில் சந்தித்ததில்லை.

"ஆபரேஷனுக்கு முன்ன எப்படி இருந்துச்சு?"

"படி எறங்கும்போதெல்லாம் கத்தும். அந்தக் கத்தல் அடுத்த தெருவுக்குக் கேக்கும்."

"இப்ப?"

"இப்ப கத்தறதில்ல."

"திரும்ப அதே நெலமைல இருந்தா, பண்ணுவீங்களா?"

ஞானகுமாரி கழுத்து டேப்பை விரலில் சுற்றினாள். சாம்சன் காலை வீசிக்கொண்டு முற்றத்துக்குப் போனதைப் பார்த்தபடி நின்றாள். "தெரியலைங்க" என்றாள் கடைசியில். பிறகு, பேச்சை மாற்றுகிறவள் போல, "உங்க நாயை எங்க வாங்கினீங்க?" என்றாள்.

"வாங்கல. ஊட்டுக்கு டிஸ்டம்பர் அடிக்க வந்த பெயின்டர் குடுத்தான்."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

"பொமரேனியனைச் சும்மா யாரு குடுப்பாங்க?" என்றாள் ஞானகுமாரி.

திரும்பி வருகிற பஸ் முழுக்க லோகநாதனுக்கு அந்தக் கேள்விதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் அதையே கேட்டவர்தான். எதுக்குய்யா சும்மா தர்றே என்று கேட்டதற்கு, "அண்ணிக்குப் புடிச்சிருச்சு, வச்சிக்கட்டும்" என்று அந்த பெயின்டர் அருள்தாஸ் சொல்லியிருந்தான். அடுத்து ஏதோ உதவி கேட்டு வருவான், மச்சானுக்கு டிப்போவில் வேலை கேட்பான் என்று ஒரு மாதம் எதிர்பார்த்தார். அவன் வரவே இல்லை. அந்தச் சந்தேகம் தீராமலே ஆறிப்போயிருந்தது. இப்போது மறுபடி சூடாயிற்று.

ஆவடியில் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் முத்தாபுதுப்பேட்டை பஸ் பிடித்தார்.

அருள்தாஸ் வீட்டு வாசலில் பெயின்ட் டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டான்.

"குந்து அண்ணாத்தே. பெப்சி எப்டி கீது?"

"கால் ஊனமான நாயை எந்தலையில கட்டியிருக்கே" என்றார் லோகநாதன். ஸ்டூலில் உட்காரவில்லை.

அருள்தாஸ் முழித்தான். "இன்னா அண்ணாத்தே புச்சா சொல்ற? நான் அண்ணியாண்ட அன்னிக்கே சொல்லிட்டேனே. இதோட அம்மாவுக்கும் கால் அப்டித்தான், இதுக்கும் அப்டித்தான் வரும்னேன். குட்டியா இருக்கசொல்லவே சில்லு ஆடிச்சு. மத்த குட்டியெல்லாம் போயிருச்சு, இத்தை யாரும் வாங்கல. கொண்டுபோய் எங்கனா உட்டுடலாம்னுதான் கீறேன்னு சொன்னேன். அண்ணிதான், குடு, நான் பாத்துக்கறேன்னு தூக்கிகினு போச்சு."

லோகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் அருள்தாஸுக்குத் தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று விளங்கியது. "டீ சாப்புடு அண்ணாத்தே" என்றான் மெதுவாக.

அவர் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்று தன் வீட்டைப் பார்த்தார். மொசைக் தரை முழுக்கக் கோணிச் சாக்கு விரித்திருந்தது. தரை சில்லென்று இருக்கிறது, பாதம் குடைகிறது என்று சுசீலா சொல்லியிருந்தாள். கட்டிலின் நாலு காலையும் ஒரு சாண் அறுக்கச் சொல்லி ஆசாரியை வரவழைத்தவளும் அவள்தான்; முதுகுவலி, ஏறி இறங்க முடியவில்லை என்று காரணம். பின்கட்டுப் படியின்மேல் ஒரு பலகை சாய்வாகக் கிடந்தது. அது எதற்கு என்று அவர் கேட்டதுகூட இல்லை. பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டில் இருப்பவனின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுகிறவர், மூன்று வருஷமாக ஒரு நாய்க்காகத் தாழ்த்தப்பட்ட கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

நாலைந்து நாள் எதுவும் கேட்கவில்லை. அவளைக் கவனித்தார். பெப்சி கட்டிலை நோக்கிப் போனால் அவள் பேச்சை நிறுத்தாமலே குனிந்து அதைத் தூக்கி மேலே வைத்தாள். வழுக்குகிற இடத்துக்கு அது போகுமுன் சாக்கைக் காலால் தள்ளிவிட்டாள். எல்லாம் கண்ணெதிரிலேயே நடந்தது. அதுதான் அவரை அதிகமாகக் குடைந்தது. மறைக்கிறவர்கள் ஒளிந்துகொண்டு செய்வார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்.

"அருள்தாஸைப் பாத்தேன்."

தட்டை எடுத்த சுசீலா அதைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டாரா?"

"மூணு வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்கே."

"ஆமா."

அவள் மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். இரண்டும் இல்லை. "ஏன்?" என்றார்.

"சொல்லியிருந்தா வச்சிகினு இருப்பீங்களா? சும்மா குடுத்தார்னதுக்கே ஒரு மாசம் வாசலைப் பாத்துகினு இருந்தீங்க. காலும் சரியில்லன்னா அன்னிக்கே கூடையில போட்டுத் திருப்பி அனுப்பிச்சிருப்பீங்க."

அது உண்மைதான் என்று அவருக்குத் தெரிந்தது. அதனால் வேறு பக்கம் போனார். "டாக்டராண்ட வர்லன்னியே. தலைவலி?"

"பொய்தான். அவங்க தொட்டதுமே கண்டுபுடிச்சிருவாங்க. ஆபரேஷன்னுவாங்க. நாகப்பன் ஊட்டு நாய்க்குக் கட்டி எடுக்கறேன்னு மயக்க ஊசி போட்டாங்களே, துணியில சுத்தித்தானே எடுத்துகினு வந்தாங்க. எனக்கு அது வேணாம்." அவள் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் ஏறியது. "நான் பாத்துக்கறேங்க. இத்தினி நாளு பாத்துக்கலியா? அதுக்கு வலியே தெரியாமத்தான் வச்சிகினு கீறேன்."

லோகநாதன் ஏதோ சூடாகச் சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். வலியே தெரியாமல். இவளுக்குத் தெரியாது. மூன்று வருஷம் ஒரு படியில்கூட அதை இறங்கவிடாமல் தூக்கிச் சுமந்தவளுக்கு, தான் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

"ஊட்டைப் பூட்டு" என்றார். "ஒரு இடத்துக்குப் போலாம்."

அவள் புரியாமல் பூட்டினாள். கேட்டைத் திறந்து மூடிவிட்டு, வாயில் விரலை வைத்துக் காட்டி, அவளையும் செருப்பைக் கையில் எடுக்கச் சொல்லிப் பின்பக்கம் கூட்டிப்போனார். வெயிலில் சுவர் கொதித்தது. இருவரும் ஜன்னல் ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பக்கத்து வீட்டு நாகப்பன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, சொந்த வீட்டை எட்டிப் பார்க்கிற தம்பதியை வேடிக்கை பார்த்தார்.

உள்ளே பெப்சி கதவிலிருந்து திரும்பியது. சாக்கின்மேல் மூன்று காலில் நொண்டியது. நின்று காலைப் பின்னால் நீட்டி உதறியது. இந்தத் தடவை சில்லு உள்ளே போகவில்லை போலிருக்கிறது. மறுபடி உதறியது, மறுபடியும். உடம்பு முழுக்க நடுங்கியது. அந்த அமுங்கின சத்தம் வந்தது. பிறகு படுத்து முழங்காலை நக்கியது.

சுசீலா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எங்கிட்டகூடக் காட்டிக்கல பாருங்க" என்றாள்.

"மறைக்கிறதை உங்கிட்டதான் கத்துக்கினு இருக்கும்" என்றார் லோகநாதன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பண்ணிடலாங்க" என்றாள்.

"அந்த டாக்டரம்மாவை நான் இன்னும் நம்பல."

"நீங்க யாரைத்தான் நம்பனீங்க? நீங்க நம்பி முடிக்கிறதுக்குள்ள அது கிழடாயிடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்குக்கு ப்ரொஃபசர் வந்தார். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். லோகநாதன் தான் உள்ளே நின்று பார்க்க வேண்டும் என்றார். ஜெயகுமாரி யோசித்துவிட்டு, கண்ணாடி வைத்த கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பது என்றுதான் நின்றார். மயக்க ஊசி போட்டதும் பெப்சியின் தலை கம்பவுண்டர் துலுக்கானத்தின் உள்ளங்கையில் சாய்ந்தது. நாக்கு வெளியே வந்தது. வலது காலின் வெள்ளை முடியை மழித்தார்கள். அத்தனை முடிக்கும் உள்ளே இருந்தது விரல் தடிமனில், இளஞ்சிவப்பாக ஒரு கால். இதிலா பள்ளம் தோண்டப்போகிறார்கள் என்று நினைத்தவருக்குக் காது அடைத்துக்கொண்டது. தெருவுக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பிப் போனபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுசீலா நின்றுகொண்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவேன் என்று சொல்லி, வெளியே உட்காருவதற்காக வந்தவள். நெற்றி கண்ணாடியில் படுகிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றதை அவள் கவனிக்கவே இல்லை.

ஜெயகுமாரி கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "சில்லு உக்காந்துடுச்சு. ஒன்றரை மாசம் குதிக்க விடாதீங்க, ஓட விடாதீங்க."

"நல்லா ஆயிடுமா?"

"ஆகும்னுதான் நினைக்கிறேன் சார். இப்பவே சொல்ல முடியாது."

அந்த ஒன்றரை மாதமும் லோகநாதன் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்; அடுத்த நாள் தளர்ந்துவிட்டது என்றார். மருந்து வாசனை மாறியிருக்கிறது என்று பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு விடியற்காலை கட்டுக்குக் கீழே பெப்சியின் விரல்கள் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கூடையோடு முதல் ட்ரெயினில் அம்பத்தூருக்குப் போய் டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் தூக்கக் கண்ணோடு வந்து பார்த்துவிட்டு, "நல்லவேளை கொண்டுவந்தீங்க" என்று கட்டைப் பிரித்து வேறு கட்டினாள். தன் சந்தேகம் ஒன்றாவது உபயோகப்பட்டதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. சுசீலாவிடம் அதைப் பல தடவை சொன்னார்.

கட்டை எடுத்த பிறகும் பெப்சி காலைத் தூக்கியே வைத்துக்கொண்டிருந்தது. சாம்சனின் கால் அவர் கண்முன் வந்துவந்து போனது. சுசீலா தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, டாக்டர் சொன்னபடி காலை மடக்கி நீட்டினாள். ஒரு நாள் விரல் நுனி தரையில் பட்டது. பிறகு பாதம். பிறகு பால்காரரின் மணிக்குத் தத்தாமல் ஓடியது. லோகநாதன் அதை நம்பாமல் பூட்டைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். ஆளில்லாத அறையிலும் அது நாலு காலிலும்தான் நடந்தது.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம் ஜெயகுமாரி தன் மொபெட்டில் வீடு தேடி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பெப்சியை நடக்கவிட்டுப் பார்த்தாள், காலைப் பிடித்துப் பார்த்தாள். லோகநாதனுக்கு ஞானகுமாரி கேட்டது ஞாபகம் வந்தது. நேராகக் கேட்டுவிட்டார்.

"நீங்க எதுக்கு இப்டி ஊடு ஊடா வர்றீங்க?"

ஜெயகுமாரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "சாம்சனோட கால் முதல் மாசம் நல்லாத்தான் இருந்தது. நான் போகாம விட்டிருந்தா, நல்லா ஆச்சுன்னே நினைச்சிட்டிருப்பேன். போய்ப் போய்ப் பாத்ததாலதான் எங்க தப்புன்னு புரிஞ்சது. அந்தத் தப்பை இதுல பண்ணல." கொஞ்சம் நிறுத்தி, "அந்தம்மாவும் இப்படித்தான் பாப்பாங்க சார், நீங்க பாக்குற மாதிரியே. பரவாயில்ல" என்றாள்.

லோகநாதன் அந்தப் பதிலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இடிக்கிற மாதிரி எதுவும் தட்டுப்படவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"இடது கால்?" என்றார்.

"அதைத் தொட வேணாம். லேசாத்தான் இருக்கு. அப்படியே இருந்துட்டாலும் இருந்துடும்."

"ஏன் வேணாங்குறீங்க?"

"வெட்டணும்னாலும் சந்தேகம், வேணாம்னாலும் சந்தேகமா?" என்று சுசீலா உள்ளேயிருந்து கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டாள். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

மொபெட் போன சத்தம் அடங்கியதும் சுசீலா பெப்சியின் ஈரக்காலைத் துணியால் துடைத்துவிட உட்கார்ந்தாள். லோகநாதன் மத்தியான ட்யூட்டிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லாம வேற எதுனா கீதா?"

சுசீலா நிமிர்ந்து பார்த்தாள். யோசித்தாள்.

"கொஞ்சம் கீது" என்றாள். "சொல்லட்டா?"

அவருடைய கை கடைசிப் பொத்தானில் நின்றது. அவள் நிஜமாகவே சொல்லத் தயாராக இருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"வேணாம்" என்றார். "மழை வர்ற மாதிரி கீது. அந்தக் குடையை எடு."